நான்காவது துடிப்பில்

இரண்டு சிரிஞ்சுகள், நடுவே ஒரு திருகு.
ஒன்பது மில்லி சலைன், துளிக் காற்று,
கொஞ்சம் அவருடைய ரத்தம்.
இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே
பத்து முறை தள்ளினால் இளஞ்சிவப்பாய் நுரைத்துவிடும்.
சோடா மாதிரிதான் என்பேன், பயப்படுகிறவர்களிடம்.
ரிக்னால்ட் சைன்ட்யே பயப்படவில்லை.
குமிழி எனக்குப் பழக்கம் என்றார்.

வில்லம்ஸ்டாட்டுக்குக் கிழக்கே மூழ்கிக் கிடக்கும் இழுவைப் படகைக் காட்ட
சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போவது அவர் தொழில்.
போன மாதம், கரையேறிய அரைமணியில்,
இடது கை காற்றுக் குடுவையை நழுவவிட்டது.
ஐந்து விரலும் வேறு யாருடையவையோ.
அழுத்த அறையில் படுக்கவைத்தார்கள்.
கை திரும்பிவிட்டது.
ஆனால் அன்று அவர் இறங்கியது பன்னிரண்டே மீட்டர்.
அந்த ஆழத்துக்கு இந்தத் தண்டனை அதிகம்.

கில்மார் ஊசியைத் தள்ளுகிறான்.
எக்கோ திரையில் வலது அறைகள்
இட்லிப் பானையைத் திறந்ததுபோல் வெளுக்கின்றன.
இடது பக்கம் கறுப்பு.
கறுப்பாகவே இருக்க வேண்டும்.
நுரையீரலின் தந்துகிகள் அத்தனை நுண்ணிய சலிப்பு,
குமிழி அங்கேயே சிக்கிச் சாக வேண்டும்.

ஒன்று.
இரண்டு. இப்போதே வந்தால் இதயத்தில் ஓட்டை.
மூன்று.
நான்காவது துடிப்பில்
இடது மேலறையின் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி,
பக்கத்தில் இன்னொன்று,
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எங்கோ ஒரு தமனி
சல்லடைக்குப் போகாமல்
சிரையின் வீட்டுக்குள் நேராக நுழைகிறது.

அவர் உதட்டில் மூன்று சிவப்புப் பொட்டுகள்.
வந்தவுடனே பார்த்திருந்தேன்.
மூக்கில் ரத்தம் வருமா என்று கேட்டேன்.
வீட்டில் எல்லாருக்கும் வரும், உப்புக்காற்று, என்றார்.
அம்மா தலையணை உறைகளை
அரக்கு நிறத்தில்தான் வாங்குவாளாம்.

வலது கீழ்மடலில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பை.
சி.டி. படத்தை இரண்டு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு
டாக்டர் இசேனியா சொன்னார்:
குளத்தை விடு, வாய்க்காலை மறி.
தொடைச் சிரையில் நுழைந்த கதீட்டர்
இதயத்தின் வலப்பக்கம் ஏறித் திரும்பி
அந்த நாலு மில்லிமீட்டர் வாசலில் நின்றது.
நேராகப் போகும் பிளாட்டினம் கம்பி
வெளியே வந்ததும் தன் சுருளுக்குத் திரும்புகிறது.
ஒன்று. அதன் மடியில் ஒன்று. இன்னும் ஒன்று.
மறுபடி செலுத்திய சாயம்
வந்து முட்டி, தயங்கி,
நல்ல கிளைகளுக்குப் போனது.
விரல்நுனிக் கருவியில் தொண்ணூற்றொன்று தொண்ணூற்றேழானது.

எப்போது இறங்கலாம்?
இனி இல்லை, என்றார் டாக்டர்.
பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக்,
சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்கேன்,
பிள்ளைகள் இருவருக்கும் பரிசோதனை,
குடுவை கட்டிக்கொண்டு கடல் இல்லை.
அடைத்துவிட்டீர்களே, நானே பார்த்தேனே.
தெரிந்ததை அடைத்தோம், ரிக்னால்ட்.

சன்னலுக்கு வெளியே மிதவைப் பாலம்
ஒரு கப்பலுக்காக ஒதுங்கிக்கொண்டிருந்தது.
அது முழுக்கத் திறக்கும்வரை பார்த்திருந்தவர்
என் பக்கம் திரும்பினார்.
படகில் ஒருத்தன் மேலே உட்கார வேண்டும், தெரியுமா?
குமிழி எங்கே உடைகிறது என்று பார்த்துக்கொண்டு.
கீழே எத்தனை பேர் என்று அதை வைத்துத்தான் சொல்வோம்.
அந்த வேலையைத்தான் எல்லாரும் வெறுப்போம்.

மூத்த மகளுக்கு வியாழக்கிழமை பத்து மணி.
சின்னவனுக்கு பத்தரை.
பேரேட்டில் எழுதிக்கொண்டே மூக்கைத் துடைக்கிறேன்,
காகிதத்தில் ஒரு கீற்றுச் சிவப்பு.
பதினொரு வருடமாக இந்த அறையில்
எனக்கும் உப்புக்காற்றுதான்.

மூன்று மணி ஆள் வரவில்லை, என்கிறான் கில்மார்.
சிரிஞ்சுகள் இரண்டும் பிரிக்காமல் இருக்கின்றன.
ஏற்கெனவே துடைத்த கருவியை
மறுபடி துடைக்கிறேன்.